ஒரு ஷீப், பத்து ஷீப்!

ஆங்கில வகுப்பில் ஒருமை - பன்மை பாடம் வந்தாலே கூடவே ஒரு பட்டியலும் வந்துவிடும். ஷீப், டீர், ஃபிஷ், சீரீஸ், ஸ்பீஷீஸ், ஏர்கிராஃப்ட்... இதற்கெல்லாம் ஒருமையும் பன்மையும் ஒன்றுதான், 'எஸ்' போடக்கூடாது, மனப்பாடம் செய்துகொள். ஏன் என்று கேட்டால், "அது விதிவிலக்கு, அப்படித்தான்" என்று பதில். மாணவனும் மனப்பாடம் செய்வான், தேர்வில் எழுதுவான், ஆறு மாதத்தில் மறப்பான். பிறகு ஏதோ ஒரு நேர்முகத் தேர்வில் 'ஷீப்ஸ்' என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வான். ஆங்கிலம் என்றால் தலையும் வாலும் புரியாத மொழி என்ற பயம் இப்படித்தான் வளர்கிறது.

உண்மையில் ஷீப் விதிவிலக்கே அல்ல. அது ஒரு பழைய விதியின் மிச்சம்.

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு ஆண், பெண், இரண்டும் அல்லாதது என மூன்று பால் உண்டு (ஜெர்மனில் இன்றும் இருப்பது போல). அந்த மூன்றாவது வகையில், நெடிலோடு வரும் அல்லது கடைசியில் இரண்டு மெய் சேர்ந்து வரும் ஓரசைச் சொற்களுக்குப் பன்மையில் எதுவும் சேராது. ஷீப், டீர், ஸ்வைன் எல்லாம் அந்தக் கூட்டம். இவை மட்டுமா? இன்றைக்கு சமர்த்தாக 'எஸ்' போட்டுக்கொள்ளும் ஹவுஸ், ஹார்ஸ், வேர்ட், திங் எல்லாமே அன்று அதே கூட்டத்தில்தான் இருந்தன. ஒரு வீடும் 'ஹூஸ்', பத்து வீடும் 'ஹூஸ்'! இன்றைய 'எஸ்' அன்று ஆண்பால் சொற்களில் ஒரு பிரிவுக்கு மட்டும் சொந்தமான விகுதி. அதுதான் மெல்ல மெல்ல மற்றவற்றை எல்லாம் விழுங்கியது. 14ஆம் நூற்றாண்டில் சாசர்கூட 'ஹார்ஸ்' என்பதையே பன்மையாகவும் எழுதியிருக்கிறார்.

அப்படியானால் ஆட்டு மந்தையில் ஷீப்புக்கு 'எஸ்' இல்லை, பக்கத்திலேயே மேயும் கோட்டுக்கு மட்டும் ஏன் 'எஸ்'? நியாயமான கேள்வி. கோட் அன்று பெண்பால் சொல். அதன் பன்மை, ஃபுட் - ஃபீட் போல நடுவில் உள்ள உயிரை மாற்றி வந்தது. வெள்ளாட்டுக்கு ஒரு வழி, செம்மறிக்கு ஒரு வழி. பின்னாளில் வெள்ளாடு 'எஸ்' பக்கம் போய்விட்டது, செம்மறி நின்ற இடத்திலேயே நின்றது.

டீர் கதை இன்னும் சுவாரசியம். முதலில் அதற்கு மான் என்று பொருளே இல்லை, விலங்கு என்றுதான். அதன் ஜெர்மன் உறவான 'டீர்' இன்றும் விலங்கையே குறிக்கிறது. ஆங்கிலத்தில் வேட்டையாடுகிறவர்கள் அதிகம் தேடிய விலங்கு கடைசியில் அந்தப் பெயரைத் தனக்கே எடுத்துக்கொண்டது. வேட்டைக்காரர்கள் பேச்சில் இன்றும் இந்தப் பழக்கம் உண்டு. சுட்டது மூன்று எல்க், பிடித்தது நாலு சால்மன். ஆனால் எலிக்கும் நாய்க்கும் இந்த மரியாதை கிடையாது!

ஃபிஷ் தான் உண்மையான திருடன். பழைய ஆங்கிலத்தில் அதற்கு முறையான பன்மை விகுதி இருந்தது. பிறகுதான் ஷீப், டீர் கூட்டத்தைப் பார்த்து அதைக் கழற்றிப் போட்டது. முழுதாகவும் கழற்றவில்லை. 1611இல் வந்த பைபிள் மொழிபெயர்ப்பில் ஐந்து அப்பத்தோடு வரும் இரண்டு மீனும் 'ஃபிஷஸ்' தான். பல இன மீன்களைச் சொல்ல விலங்கியலில் இன்றும் 'ஃபிஷஸ்' என்றுதான் எழுதுகிறார்கள். இதை எழுதிய பையனுக்குச் சிவப்பு மையால் அடித்து மதிப்பெண்ணைக் குறைப்பது அநியாயம். 'ஷீப்ஸ்' தவறு, சரி. 'ஃபிஷஸ்' தவறல்ல. பட்டியலாக மட்டும் கற்றுக்கொடுத்தால் இந்த வித்தியாசம் திருத்துகிறவருக்கும் தெரியாமல் போகிறது.

சீரீஸும் ஸ்பீஷீஸும் லத்தீன் சரக்கு, அங்கேயே இரண்டுக்கும் ஒரே வடிவம். ஏர்கிராஃப்ட் சிறு படகுகளை மொத்தமாகக் 'கிராஃப்ட்' என்று சொன்ன வழக்கின் வாரிசு. ஆக ஒரே பட்டியலில் நாலு வெவ்வேறு கதைகள்.

இதில் வேடிக்கை, தமிழ் மாணவனுக்கு இது புது விஷயமே அல்ல. ஆடு வந்தது, ஆடு வந்தன. பால்பகா அஃறிணைப் பெயர் என்று தமிழ் வகுப்பில் படித்ததுதான். ஆங்கிலத்தில் பத்துப் பதினைந்து சொல்லுக்கு இருப்பது தமிழில் அஃறிணை முழுவதற்கும் இருக்கிறது. வினைமுற்றைப் பார்த்து எண்ணிக்கையைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இறந்தகாலம் வந்தால் அந்த வழியும் அடைபடும், ஓடியது ஒரு ஷீப்பா, நூறா என்று தெரியாது. (பேச்சுத் தமிழிலும் 'ஆடு ஓடிச்சு' என்றால் இதே கதிதான்.) இரண்டு ஆசிரியர்களும் ஒரு நாள் பேசிக்கொண்டால் பாதி மனப்பாடம் மிச்சமாகும்.

இதற்கு நேர் எதிரான கூத்தும் ஆங்கிலத்தில் உண்டு. பட்டாணிக்குப் பழைய ஒருமைச் சொல் 'பீஸ்'. கடைசியில் 'எஸ்' மாதிரி ஒலிப்பதால் அதைப் பன்மை என்று நினைத்து, வாலை வெட்டி 'பீ' என்று புதிய ஒருமையை உண்டாக்கிவிட்டார்கள் (தமிழில் எழுதினால் கொஞ்சம் சங்கடம்தான் :-)). பிரெஞ்சிலிருந்து வந்த செர்ரிக்கும் இதே வெட்டு. 19ஆம் நூற்றாண்டில் 'சைனீஸ்' என்பதையும் வெட்டி ஒரு ஆளை 'சைனீ' என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள். நல்லவேளை, அது நிலைக்கவில்லை.