“தொண்டூழியர் தேவை” என்றால் மட்டும் போதுமா?

“ஆள் கிடைப்பதில்லை.” தமிழ்க் கலைக் குழு நடத்தும் யாரிடம் பேசினாலும் பத்து நிமிடத்திற்குள் இந்த வார்த்தை வந்துவிடும்.

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. தேசிய கொடை ஆய்வின்படி, கிருமிப் பரவல் காலமான 2021ல் 22 விழுக்காடாகக் குறைந்திருந்த தொண்டூழிய விகிதம், 2023ல் 30 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. மனமுள்ளவர்கள் இருக்கிறார்கள். வானொலி வேலை போக, ஒரு சிறிய தமிழ் நாடகக் குழுவுக்குத் தொண்டூழியர்களைச் சேர்த்துப் பழக்குவது என் பொறுப்பு. அதில் நான் கண்டது இதுதான்: ஆளை வரவழைப்பது எளிது. அதே ஆளை இரண்டாம் முறை வரவழைப்பதுதான் பெரும்பாடு.

ஏப்ரலில் தமிழ் மொழி விழா நெருங்கும்போது நான் வாசிக்கும் அறிவிப்புகளைக் கவனித்திருப்பீர்கள். “தொண்டூழியர்கள் தேவை. ஆர்வமுள்ளோர் தொடர்புகொள்ளவும்.” என்ன வேலை, எத்தனை நாள் என்று ஒரு சொல் இருக்காது.

அதை நம்பி ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவி சனிக்கிழமை காலை ஒத்திகைக்கு வருகிறார். “அங்கே உட்காரும்மா, சொல்றோம்” என்கிறார்கள். மதியம் நாற்காலி அடுக்கச் சொல்கிறார்கள். மாலையில் உணவுப் பொட்டலம் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பள்ளிக்குக் காட்டச் சேவை நேரம் கிடைத்துவிட்டது. அவர் மறுபடி வருவதில்லை. “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஈடுபாடே இல்லை” என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். ஈடுபாடு இருந்ததால்தானே அந்தப் பெண் சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்தார்?

எங்கள் குழுவில் இப்போது வேலைக்குப் பெயர் வைத்துத்தான் ஆள் தேடுகிறோம். “மேடைப் பொருள்களைக் கவனிக்க ஒருவர். நான்கு ஒத்திகை, இரண்டு காட்சி. இரவு 10.30க்கு வீட்டுக்குக் கிளம்பிவிடலாம்.” கடைசி வரி பெற்றோருக்காக. மகள் எத்தனை மணிக்கு ரயில் ஏறுவாள் என்று தெரிந்தால் பாதி வீடுகளில் மறுப்பு வராது.

பழக்குவதும் அப்படித்தான். ஒருவருக்கு ஒரு வேலை, அதை முழுதாக. மேடைப் பொருள்களுக்கு ஒரு நீள மேசை. அதில் தாள் விரித்து, கடிதம், வெற்றிலைப் பெட்டி, தண்ணீர்ச் செம்பு என ஒவ்வொன்றையும் வைத்துச் சுற்றிலும் கோடு போட்டுப் பெயர் எழுத வேண்டும். காட்சிக்கு முன் ஒரு கட்டம் காலியாக இருந்தால் எது குறைகிறது என்று உடனே தெரிந்துவிடும். ஹெட்செட் போடுபவருக்கு இரண்டு சொற்கள்: ‘ஸ்டாண்ட்பை’ என்றால் தயாராகு, ‘கோ’ என்றால் செய். மற்றபடி ‘கோ’ என்ற சொல்லை வாயிலேயே எடுக்கக் கூடாது. விளையாட்டாக ‘லெட்ஸ் கோ’ என்றால்கூட யாராவது விளக்கை அணைத்துவிடுவார்!

எனக்கு மிகப் பிடித்த வேலை, மேடைக்கு மேலே ஆங்கில மொழிபெயர்ப்பு வரிகளை ஓட்டுவது. தொடக்கக் கல்லூரி மாணவர் ஒருவர் வந்தார். “எனக்குத் தமிழ் வாசிக்க அவ்வளவா வராதுக்கா. கேட்டா புரியும்” என்றார். கேட்டால் புரியும் காதுதான் இந்த வேலைக்கு முதல் தேவை. நடிகர் வாய் திறக்கும் கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். நகைச்சுவை வரி ஒரு நொடி முந்திக்கொண்டால், நடிகர் சொல்வதற்கு முன்பே அரங்கம் சிரித்துவிடும். நடிகர் இரண்டு வசனத்தை விழுங்கினால், திரையும் அவரோடு சேர்ந்து தாவ வேண்டும்.

முதல் ஒத்திகையில் அவர் காதை மட்டும் நம்பினார். மூன்றாவதில் தமிழ்ப் பிரதியைப் பென்சிலால் கோடிட்டுப் பின்தொடர்ந்தார். ‘அங்கலாய்ப்பு’ என்றால் என்ன என்று பாட்டியிடம் கேட்டுக்கொண்டு வந்தார். அந்தச் சொல்லுக்கு எந்தத் தேர்விலும் மதிப்பெண் இல்லை.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சிங்கப்பூர் இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று தெரியவந்தது. பள்ளித் தேர்வு முடிந்தபின் ஓர் இளையருக்குத் தமிழ் உண்மையாகவே தேவைப்படும் இடங்கள் எத்தனை? மேடையின் பின்புறம் அப்படிப்பட்ட இடம். அங்கே வந்தவரை நாற்காலி அடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டால், குழு ஓர் உதவியாளரை இழக்கிறது. தமிழ் அதைவிடப் பெரிதாக இழக்கிறது.

நிகழ்ச்சி முடிந்ததும் இரண்டு கடமைகள் உண்டு. நிகழ்ச்சிக் கையேட்டில் அவர் செய்த வேலையோடு பெயரும் இருக்க வேண்டும். பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து, “அடுத்த முறை எதைச் செய்து பார்க்க ஆசை?” என்று கேட்க வேண்டும். அந்த மாணவர் சொன்ன பதில்: “இதையே இன்னொருத்தருக்குச் சொல்லித் தரட்டுமா?” இப்போது அதைத்தான் செய்கிறார்.

தொண்டூழியம் செய்ய நினைக்கும் இளையர்களே, பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரே, சேருமுன் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன வேலை? எத்தனை நாள்? யார் சொல்லித் தருவார்? கேட்பது மரியாதைக் குறைவாகாது. குழு நடத்துவோரே, யாரும் கேட்குமுன் அந்த மூன்றையும் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். வாசிக்க எனக்குக் கூடுதலாகப் பத்து விநாடிதான் ஆகும்.