மலையேறிப்போன வாதம்

கொல்லிமலையின் திண்ணனூர் நாட்டுப் பெரியவர்களின் இதயத்துக்கு எது போதும் என்று, வால்வு சிகிச்சை பற்றி எழுதிய ஒரு கட்டுரையாளர் தீர்ப்பே எழுதிவிட்டார். நெஞ்சைத் திறந்து பெருந்தமனி வால்வை மாற்றினால் போதுமாம். தொடை ரத்தக்குழாய் வழியே வால்வைச் செலுத்தி வைக்கும் டாவி முறை பணக்காரர் சொகுசாம். கொல்லிமலை ஏறாமலே எழுதக்கூடிய தீர்ப்பு.

அவர் தூக்கிக் காட்டும் சான்று, டாவியையும் அறுவையையும் ஒப்பிட்ட பார்ட்னர் 3 ஆய்வின் ஐந்தாண்டு முடிவு. மரணம், பக்கவாதம், மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வது மூன்றையும் சேர்த்து, டாவியில் 22.8 சதவீதம், அறுவையில் 27.2. புள்ளியியல்படி உறுதியான வேறுபாடில்லை. சரி, அதே ஆய்வின் முதலாண்டுக் கணக்கை ஏன் விழுங்கினார்? அது டாவியில் 8.5, அறுவையில் 15.1. ஐந்தாண்டில் இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால் எண்பது வயதுக்காரர் எதற்காக மார்பெலும்பைப் பிளந்துகொள்ள வேண்டும்? பிளந்த எலும்பு ஒன்றுசேர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை பாரம் தூக்கக் கூடாது. மிளகு பறிக்க ஏணி சுமப்பவரிடம் போய் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

அவருடைய சிக்கன யோசனைதான் உச்சம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனம் உருவாக்கி, 1990இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்திய சித்ரா வால்வையே வைத்துவிடலாமாம். அருமையான வால்வுதான், சந்தேகமில்லை. ஆனால் அது இயந்திர வால்வு. பொருத்திக்கொண்டவர் ஆயுசு முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை விழுங்க வேண்டும், ரத்தம் உறையும் வேகத்தை அறிய அடிக்கடி ஐஎன்ஆர் சோதனை பார்க்க வேண்டும். மருந்து குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டி. கூடினால் மூளையில் கசிவு. 65 தாண்டியவருக்குத் திசு வால்வே மேல் என்று மருத்துவ நெறிகள் சொல்வது இதனால்தான். மாத்திரை விழுங்கும் பாட்டி வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், ராத்திரியில் மலையிறங்கும் காரவள்ளிப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறக்கிக் கொண்டுபோவது யார்? கட்டுரையாளரா?

டாவியிலும் குறை உண்டு. பேஸ்மேக்கர் வைக்க நேர்வது கூடுதல். ருமாட்டிக் காய்ச்சல் கெடுத்த மைட்ரல் வால்வுக்கு இது தீர்வல்ல. அறுபதைத் தொடாதவருக்கு அறுவைதான் முதல் தேர்வு. இவற்றைச் சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். சொல்லவில்லை, 2021இல் ஐரோப்பிய நெறி 75 வயதுக்கு மேற்பட்டோருக்கு டாவியை முன்வைத்ததையும் சொல்லவில்லை.

மிச்சமிருப்பது விலை. அது மெய்தான்: முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம், டாவி அதைத் தாண்டிவிடும். இத்தனைக்கும் டாவி வால்வைக் குஜராத்தின் வாபியிலேயே மெரில் நிறுவனம் தயாரிக்கிறது. விலையைக் குறை, காப்பீட்டை உயர்த்து என்று கேட்டிருக்க வேண்டிய பேனா, மலைக்காரக் கிழவருக்கு இதுவே அதிகம் என்று எழுதிக்கொண்டிருக்கிறது.