பல்லியும் பள்ளியும்

பொத்தேரியில் என் முதலாண்டு மாணவர்கள் மயங்கொலிப் பயிற்சியில் பல்லி, பள்ளி இரண்டையும் பிழையற எழுதுவர். அறியாத சொல்லைச் சொன்னால் லகரமா ளகரமா எனத் தடுமாறுவர். வாக்கியப் பொருளே விடையைத் தந்துவிடுவதால் செவிக்கு வேலையில்லை.

1961இல் ரேனால்ட்ஸ் என்னும் உளவியலாளர், சிவப்புத் தளத்து வெள்ளை முக்கோணத்தைக் கொத்தினால் தீனி, பச்சைத் தளத்து வெள்ளை வட்டத்துக்கு இல்லை என்று இரு புறாக்களைப் பழக்கினார். இரண்டும் தேறின. பின்னர் நிறத்தையும் வடிவத்தையும் பிரித்துக் காட்டியபோது, ஒன்று சிவப்பைக் கொத்தியது, மற்றது முக்கோணத்தை. பயிற்சி ஒன்றுதான், கவனித்தது வேறு.

தொல்காப்பியப் பிறப்பியல், நா அண்ணத்தை ஒற்றினால் லகரம், வருடினால் ளகரம் என்று கவனத்தை நாவின்மேல் நிறுத்துகிறது. நாமோ சொற்பட்டியலை மனனம் செய்வித்து மதிப்பெண் இடுகிறோம். பொருளற்ற அசைகளைச் சொல்லி எழுதவைப்பதே நேர்மையான தேர்வு. மாணவர் முணுமுணுக்கத்தான் செய்வர்.