வெளிச்சத்தின் அளவுக்கு முத்திரை எங்கே?

டார்ச் லைட் வாங்கப் போகிறவரின் கண்ணில் இன்று முதலில் படுவது எண்கள்தான். 5,000 லுமென், 10,000 லுமென், ஒரு லட்சம் லுமென் என்று அட்டைப் பெட்டிகள் அலறுகின்றன. செல்போன் வழியாக நடக்கும் வியாபாரத்தில் இந்த ஏலம் இன்னும் மும்முரம். ஒருவன் பத்தாயிரம் என்றால் அடுத்தவன் இருபதாயிரம் என்கிறான். விலை மட்டும் அதே சில நூறு ரூபாய்! இந்த எண்களை நம்பலாமா? நம்பக் கூடாது என்பதே நமது பதில். கணக்குப் போட்டே இதைக் காட்டிவிடலாம்.

லுமென் என்பது ஒரு விளக்கு சிந்தும் ஒளியின் மொத்த அளவு. முன்பு நம் வீடுகளில் எரிந்த 60 வாட் குண்டு பல்பு சுமார் 700 லுமென் தந்தது. ஆகவே பத்தாயிரம் லுமென் என்றால் அப்படிப்பட்ட பதினான்கு பல்புகள் ஒரு கைப்பிடிக்குள் அடங்கியிருக்க வேண்டும். அதற்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? இவ்வகை டார்ச்சுகளில் பெரும்பாலும் இருப்பது 18 மில்லிமீட்டர் தடிமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒற்றை லித்தியம் பேட்டரி. நல்ல தொழிற்சாலையில் செய்ததென்றால் அதன் கொள்ளளவு 3,500 மில்லி ஆம்பியர்-மணி அளவில் இருக்கும். 9,900 என்று அச்சடித்த உறையைச் சுற்றி விற்கிறார்களே, அது தனிப் பொய். நல்ல பேட்டரியில் அடங்கும் மின்சாரம் சுமார் 13 வாட்-மணி. ஒரு வாட்டுக்கு 150 லுமென் கிடைப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் பத்தாயிரம் லுமெனுக்கு 67 வாட் வேண்டும். பன்னிரண்டு நிமிடத்திற்குள் பேட்டரி காலி. பெட்டியிலோ எட்டு மணி நேரம் எரியும் என்று போட்டிருக்கும்! எட்டு மணி நேரம் எரிந்தே தீர வேண்டுமானால் சராசரியாக 240 லுமெனுக்கு மேல் வழியில்லை. அது போகட்டும், அந்த 67 வாட்டில் ஏறக்குறைய பாதி சூடாக மாறும். ரேடியோ ரிப்பேர்காரர் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயன் 25 வாட்தான். அதைவிடச் சூடு கக்கும் ஒன்றை விளம்பரப் படத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே கையில் பிடித்திருக்கிறார்.

இது பெயர் தெரியாத வியாபாரிகளின் மோசடி, பெரிய கம்பெனிச் சரக்கை வாங்கினால் தொல்லை தீர்ந்தது என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்க டார்ச் உற்பத்தியாளர்கள் 2009-இல் எஃப்.எல்.1 என்றொரு தரவிதியை வகுத்தார்கள். அதற்கு முன், பல்பின் உச்ச அளவை ஏட்டில் பார்த்து அப்படியே பெட்டியில் அச்சடிப்பது சகஜம். கண்ணாடியிலும் பிரதிபலிப்பானிலும் விழுங்கப்படும் ஒளியைக் கழிப்பதே இல்லை. புதிய விதிப்படி, உட்புறம் வெள்ளை பூசிய உருண்டைக் கூட்டில் டார்ச்சை எரியவிட்டு, வெளியே வரும் ஒளியை அளக்க வேண்டும். பொத்தானை அழுத்திக் குறைந்தது 30 விநாடி கழித்தே அளக்க வேண்டும். இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை.

ஆனால் விதியை வகுத்தவர்கள் யார்? விற்பவர்களேதான். ஆகவே அவர்களுக்கு வேண்டிய சந்துபொந்துகளும் அதிலேயே இருக்கின்றன. “எரியும் நேரம்” என்பது ஆரம்ப வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகத் தேய்ந்துபோகும் வரை உள்ள நேரம்! 1,000 லுமென், 5 மணி நேரம் என்று போட்ட டார்ச், சூடு தாங்காமல் மூன்றாவது நிமிடமே 300 லுமெனுக்கு இறங்கி, மீதி நேரத்தை அதிலேயே ஓட்டினாலும் விதிப்படி குற்றமில்லை. “எறியும் தூரம்” இன்னும் வேடிக்கை. பௌர்ணமி நிலவின் அளவுக்கு, அதாவது கால் லக்ஸ் ஒளி விழும் தூரம் அது. 200 மீட்டர் என்று போட்டிருந்தால், 200 மீட்டருக்கு அப்பால் வரப்பில் கிடப்பது கயிறா பாம்பா என்று தெரியும் என அர்த்தமல்ல. இத்தனைக்கும் இந்த விதி கட்டாயமில்லை. விரும்பியவர் பின்பற்றலாம், தன் சரக்கைத் தானே அளந்து தானே சான்று கூறிக்கொள்ளலாம்.

பணக்காரரின் காரில் கிடக்கும் டார்ச் மூன்றாவது நிமிடம் மங்கினால் அவருக்கு நஷ்டமில்லை. மும்முனை மின்சாரம் இரவில்தான் வரும் என்றால் இரவில்தான் மடை திறக்கப் போக வேண்டியிருக்கிறது விவசாயிக்கு. 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்து மக்கள். இருட்டில் நடக்கும்போது டார்ச் எடுத்துச் செல்லுங்கள் என்று டாக்டர்கள் புத்தி சொல்கிறார்கள். நல்ல புத்திதான். எந்த டார்ச், எத்தனை நேரத்துக்கு?

பேட்டரிக் கம்பெனிகளின் நாணயத்துக்கும் ஓர் அத்தாட்சி உண்டு. டார்ச்சில் போடும் சாதாரண உலர் பேட்டரியின் விலையை எவரெடி, இந்தோ நேஷனல், பானாசோனிக் ஆகிய மூன்று கம்பெனிகளும் கூடிப் பேசி நிர்ணயித்தன என்று 2018 ஏப்ரலில் மத்திய போட்டி ஆணையம் தீர்ப்பளித்தது. எவரெடிக்கு மட்டும் 171.55 கோடி ரூபாய் அபராதம். அது மேல்முறையீட்டுக்குப் போயிற்று. முந்திக்கொண்டு ஆணையத்திடம் விஷயத்தைச் சொன்ன பானாசோனிக்குக்கு அபராதம் முழுவதும் மன்னிப்பு! விலை விஷயத்தில் இப்படிக் கைகோத்தவர்களின் உலகத்தில், வெளிச்சத்தின் அளவை மட்டும் அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடலாம் என்று சொல்பவரின் வெள்ளை மனத்தை என்னவென்பது?

மளிகைக் கடைக்காரரின் எடைக்கல்லில் சர்க்கார் முத்திரை இல்லாவிட்டால் அதிகாரி வந்து வழக்குப் போடுகிறார். நூறு கிராம் குறைந்தால் குற்றம். வீட்டில் மாட்டும் எல்.இ.டி. பல்புக்குக்கூட நட்சத்திர முத்திரை கட்டாயம். பத்தாயிரம் என்று சொல்லி இருநூறு லுமெனைக் கொடுப்பவனை மட்டும் யாரும் தொடுவதில்லை. சட்டம் இல்லாமலில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொய் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. ஒளியை அளக்கத் தெரிந்த தேசிய பௌதிக ஆய்வுக்கூடமும் டில்லியிலேயே இருக்கிறது. கடைச் சரக்கை எடுத்து அளந்து, முடிவைப் பத்திரிகையில் போடச் சர்க்காரைத் தடுப்பது எது? டார்ச் பெட்டியில் மூன்று எண்கள் கட்டாயமாக்கப்பட வேண்டும்: எரியத் தொடங்கும்போது எத்தனை லுமென், ஒரு மணி நேரம் கழித்து எத்தனை, பேட்டரியின் உண்மைக் கொள்ளளவு எத்தனை. அளப்பது விற்பவனாக இருக்கக் கூடாது.

அதுவரை சங்கங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. இரவில் தண்டவாளம் பார்க்கும் டிராக்மேனுக்கும், காவலாளிக்கும் நிர்வாகம் டார்ச் வாங்கித் தரும்போது, டெண்டரில் “ஒரு மணி நேரத்துக்குப் பின்” என்ற நிபந்தனை இருக்கிறதா என்று கேட்கட்டும். கிராமத்து விவசாயிகள் சங்கம் நாலு டார்ச்சுகளை வாங்கி, இருட்டில் ஒரே சுவரில் அடித்துப் பார்க்கட்டும். எரியவிட்டபடியே ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அடித்துப் பார்க்கட்டும். எது மங்கியது, எது நின்றது என்பதை ஊர்ச் சாவடிப் பலகையில் எழுதிப் போட ஒரு சாக்குக்கட்டி போதும்.