கிளை தனியே வளர்ந்தால்…

வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. கைப்பேசி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்டேட் மட்டும் வருவதில்லை. ஏன்?

பதிலின் ஒரு பகுதி, ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கெர்னலில் இருக்கிறது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் அது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம். எடுப்பவர்கள் தங்களுக்கென்று ஒரு கிளை பிரித்துக்கொள்கிறார்கள். கூகுள் சில மாற்றங்கள் செய்யும். அதன்மேல் சிப் நிறுவனம், அதற்கும் மேல் கைப்பேசி நிறுவனம். இத்தனை கை மாறித்தான் நம் கைக்கு வருகிறது.

தாய்மரமோ வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு புதிய கெர்னல் வெளியாகிறது. அங்கே ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்தால், அதே திருத்தத்தை ஒவ்வொரு கிளையிலும் கொண்டுபோய்ப் பொருத்த வேண்டும். கிளை எவ்வளவு விலகிப் போயிருக்கிறதோ, அவ்வளவு வேலை, அவ்வளவு செலவு. கட்டுப்படியாகாதபோது பழைய கைப்பேசியைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

இந்தச் சிக்கல் கூகுளையும் விடவில்லை. பேட்டரியைச் சேமிக்க அது எழுதிய ‘வேக்லாக்’ முறையை லினக்ஸ் பராமரிப்பாளர்கள் ஏற்கவில்லை. கவனிக்க ஆளில்லை என்று, 2010-இல் வந்த 2.6.33 பதிப்பில் ஆண்ட்ராய்டு நிரல்களையே நீக்கிவிட்டார்கள். மார்ச் 2012-இல் வந்த 3.3 பதிப்பில்தான் அவை திரும்பச் சேரத் தொடங்கின. அதன் பிறகும், ஒரு கைப்பேசியில் ஓடும் கெர்னல் நிரலில் 50 விழுக்காடு வரை தாய்மரத்தில் இல்லாதவை என்று கூகுளே சொன்னது.

அதனால்தான் வழியை மாற்றினார்கள். ஆண்ட்ராய்டு 12, 5.10 கெர்னலுடன் வரும் கைப்பேசிகளில் தொடங்கி, எல்லாருக்கும் பொதுவான ஒரே கெர்னல். சிப் நிறுவனத்தின் சேர்க்கைகள் தனி மாட்யூல்களாக வெளியே நிற்கும். புதிய வசதி என்றால் முதலில் லினக்ஸுக்கே அனுப்பு என்பதுதான் இப்போது கொள்கை.

மென்பொருள் துறையில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு இதில் பாடம் உண்டு. “நாம் சம்பளம் கொடுத்து எழுதியதை ஏன் சும்மா கொடுக்க வேண்டும்?” என்று மேலாளர் கேட்பார். கொடுத்தால், அடுத்த பதிப்பில் அதைக் கட்டிக்காக்கும் சுமை நம் தலைமேல் மட்டும் இருக்காது. இதுதான் பதில். நிறுவன அனுமதி பெற்று, பொதுவான திருத்தங்களைச் சிறு சிறு துண்டுகளாகத் திருப்பி அனுப்புங்கள். உடனே ஏற்கமாட்டார்கள், திருத்தி எழுதச் சொல்வார்கள். பொறுமை வேண்டும். நம் நிறுவனத்துக்கு மட்டுமே உரியதைச் சொந்தக் கிளையில் வைத்துக்கொள்ளலாம். அது எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது.

மற்றவர்களுக்கு ஒரு கேள்வி போதும். அடுத்த முறை கடையில் கேமராவைப் பற்றி விசாரிக்கும்போது, “பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் வரும்?” என்றும் கேளுங்கள். அம்மா, அப்பாவுக்கு வாங்கும் கைப்பேசி என்றால் கட்டாயம் கேளுங்கள். அவர்களின் வங்கிக் கணக்கும் அதற்குள்தானே இருக்கிறது!