வீடு தேடி வரும் மாணவர்கள்

தஞ்சை மருத்துவக் கல்லூரி 1959-ல் தொடங்கியது. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். ஆனாலும், நடவு நடும் பெண் காய்ச்சலை மறைத்துக்கொண்டு சேற்றில் இறங்குகிறாள். ஏன்? ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடுமே!

வயல் நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலில் புண் இருந்தால் எளிதில் உள்ளே புகும். அசட்டை செய்தால் உயிருக்கே ஆபத்து.

2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் ஓர் ஏற்பாடு செய்தது. மருத்துவ மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுக்க வேண்டும். வீடு தேடிச் சென்று ரத்தசோகை, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உண்டா என்று பார்க்க வேண்டும். இது பாடம்தான். தொண்டாகச் செய்தால் பலன் பெரிது.

மாணவர்களே! பகலில் போனால் வீடு பூட்டிக் கிடக்கும். வயல் வேலை முடிந்தபின் போங்கள். நோட்டை நிரப்புவதோடு நின்றுவிடாதீர்கள். நோய் கண்டால், ஆஸ்பத்திரிக்குக் கையோடு அழைத்துச் செல்லுங்கள்.

தாய்மார்களே! நீங்களும் மறைக்காமல் சொல்லுங்கள். கூலி நாளைக்கும் கிடைக்கும். போன உயிர் வருமா?