‘இயன்ற வரை’ உயிர் வாழ வேண்டுமாம்!

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குத் தொலைக்காட்சியில் தோன்றிய பிரதமர், நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தார். நான்கு மணி நேர அவகாசத்தில் 130 கோடி மக்களின் வாழ்வு முடக்கப்பட்டது. கால்நடையாக ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்களின் அவலத்தை உலகமே கண்டது. எவர் கண்ணிலும் படாமல் போன ஒரு பிரிவினரும் உண்டு. எச்ஐவி தொற்றுடன் வாழும் இளைஞர்களே அவர்கள்.

நாட்டில் எச்ஐவி தொற்றுடன் வாழ்வோர் சுமார் 23 லட்சம் பேர் என்பது 2019ஆம் ஆண்டின் அரசு மதிப்பீடு. இவர்களில் பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றைப் பெற்றவர்களும் உள்ளனர். 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியிராவிட்டால் அவர்களில் பலர் பருவ வயதை எட்டியிருக்க மாட்டார்கள். அந்த மருந்து மலிவு விலையில் கிடைத்ததும் தானாக நிகழ்ந்ததல்ல. பன்னாட்டு மருந்து நிறுவனங்களின் காப்புரிமைக் கொள்ளைக்கு எதிராக 2005இல் இடதுசாரிகள் நாடாளுமன்றத்தில் போராடிச் சேர்த்த திருத்தங்களுக்கும் அதில் பங்குண்டு.

பெற்றோரை இழந்து, பாட்டியின் நிழலிலோ காப்பகத்திலோ வளர்ந்து, 18 வயது நிரம்பியதும் பிழைப்புத் தேடி வேற்று மாநிலம் சென்ற ஓர் இளைஞனின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவனுடைய பெயர் பதிவாகியிருப்பது சொந்த மாவட்டத்தின் ஏஆர்டி மையத்தில். கையிலிருப்பதோ ஒரு மாத மாத்திரை. பேருந்து இல்லை, ரயில் இல்லை, கூலியும் இல்லை. மாத்திரை சில நாட்கள் தடைப்பட்டாலும் உடலில் வைரஸ் மீண்டும் பெருகும்; மருந்துக்கு அடங்காத வைரஸ் உருவாகவும் கூடும். அப்படி உருவானால் விலையுயர்ந்த இரண்டாம் நிலை மருந்துகளுக்கு மாற வேண்டியிருக்கும்.

மூன்று மாத மருந்தை ஒரே தடவையில் வழங்கவும், அருகிலுள்ள எந்த மையத்திலும் பெற்றுக்கொள்ளவும் வழிவகை செய்துவிட்டோம் என்று அரசுத் தரப்பு கூறும். சுற்றறிக்கை இருந்தது உண்மைதான். அந்த மையத்துக்குப் போய்ச் சேருவது எப்படி? சோதனைச் சாவடியில் தடியுடன் நின்ற காவலரிடம் எதைச் சொல்வது? அனுமதிச் சீட்டுக்குக் காரணம் கேட்டார்கள். காரணத்தைச் சொன்னால் ரகசியம் போயிற்று. தொற்று நிலையை வெளிப்படுத்துமாறு எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் எச்ஐவி சட்டத்தின் 8ஆவது பிரிவு. அந்தப் பிரிவை ஒவ்வொரு சாவடியிலும் மிதித்துத்தான் ஊரடங்கு நடந்தது.

வீட்டிலும் நிலைமை வேறல்ல. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் அடைந்து கிடக்கையில், நாள்தோறும் குறித்த நேரத்தில் விழுங்க வேண்டிய மாத்திரையை எங்கே ஒளிப்பது? “வீட்டிலேயே இருங்கள்” என்ற உபதேசம் தனியறை உள்ளவர்களுக்காக எழுதப்பட்டது. வெளிமாநிலத்தில் குடும்ப அட்டை இல்லாதவருக்கு அரிசியும் எட்டவில்லை. வெறும் வயிற்றில் மாத்திரை மட்டும் எத்தனை நாள் இறங்கும்? வைரஸ் அளவைக் கணக்கிடும் கருவிகளும் கோவிட் பரிசோதனைக்குத் திருப்பப்பட்டன.

இந்நிலையில் பல இடங்களில் மாத்திரைகளை இருசக்கர வாகனங்களில் வீடு தேடிக் கொண்டு சேர்த்தவர்கள் யார்? தொற்றுடன் வாழ்வோரின் கூட்டமைப்புகளும், சொற்ப ஊதியத்தில் ஒப்பந்த ஊழியர்களாகவே வைக்கப்பட்டிருக்கும் களப்பணியாளர்களும்தான். மாடத்தில் நின்று கைதட்டச் சொன்ன அரசு, இவர்களின் பணியை நிரந்தரமாக்கவில்லை.

பெருந்தொற்று தணிந்த பின்னராவது பாடம் கற்றார்களா? 2022 ஜூலையில் டில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தின் முன், மருந்து கிடைக்கவில்லை என்று நோயாளிகளே அமர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் போராடினார்கள். தேசிய அளவில் தட்டுப்பாடே இல்லை என்று சாதித்தது ஒன்றிய அரசு. அப்போது ஊரடங்கைச் சாக்குச் சொல்லவும் வழியில்லை. பொதுச் சுகாதாரத்துக்கு 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் என்று 2017இல் கொள்கை வகுத்துவிட்டு, அதற்கான நிதியை ஒதுக்க மறுத்ததன் விளைவு இது.

அந்தச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, கூட்டு மருந்துச் சிகிச்சையை அரசுகள் ‘இயன்ற வரை’ அளிக்க வேண்டும் என்கிறது. மசோதாவாக இருந்தபோதே தொற்றுடன் வாழ்வோரின் அமைப்புகள் இந்தச் சொற்களை எதிர்த்தன. பெருமுதலாளிகளுக்கான வரிச் சலுகை எதிலும் ‘இயன்ற வரை’ என்று எழுதப்படுவதில்லை. அந்த இரு சொற்களை நீக்கும் திருத்தத்தை ஒன்றிய அரசு உடனே கொண்டுவர வேண்டும். எந்த மாநிலத் தொழிலாளியும் எந்த மாநில மையத்திலும் மறுகேள்வியின்றி மருந்து பெறும் உரிமை, சுற்றறிக்கையாக அல்ல, சட்டமாக வேண்டும்.